ஒட்டும் டேப்பின் தரம் அளக்கப்படுவது எப்படி? விரலால் தொட்டுப் பார்த்தால் போதாது

கடையில் டேப் வாங்குபவர்கள் பெரும்பாலும் அதன் நீளத்தையும் விலையையும்தான் பார்க்கின்றனர்; கூடுதலாக, ஓர் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்ப்பதும் உண்டு. ஆனால், விரலில் நன்றாக ஒட்டும் டேப், சரக்கு லாரியில் செல்லும் அட்டைப் பெட்டியின் வாயை மூடியே வைத்திருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஒட்டுதல் என்பது ஒரே பண்பு அல்ல என்பதே இதற்குக் காரணம்.

ஆய்வகங்களில் முதன்மையாக மூன்று பண்புகள் அளக்கப்படுகின்றன. தொட்டவுடன் பற்றிக்கொள்ளும் தன்மை முதலாவது. இதற்கான ஒரு சோதனை வேடிக்கையாகவே இருக்கும். ஒட்டும் பக்கம் மேலே இருக்குமாறு டேப்பை விரித்து, சுமார் 11 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் குண்டு ஒன்றைச் சிறு சரிவிலிருந்து அதன் மீது உருட்டிவிடுகின்றனர். குண்டு எவ்வளவு குறைந்த தொலைவில் நிற்கிறதோ, அந்த அளவுக்குப் பற்றும் தன்மை அதிகம்.

இரண்டாவது, உரிப்பதற்குத் தேவைப்படும் விசை. மெருகேற்றிய எஃகுத் தகட்டில் டேப்பை ஒட்டி, கை அழுத்தம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், 2 கிலோ எடையுள்ள உருளையை அதன் மீது உருட்டுகின்றனர். பின்னர் 180 அல்லது 90 டிகிரி கோணத்தில், நிமிடத்துக்கு 300 மி.மீ. வேகத்தில் இயந்திரம் அதை உரிக்கிறது. விசை நியூட்டனில் குறிக்கப்படுகிறது. கோணமும் வேகமும் மாறினால் விடையும் மாறும். டேப்பில் உள்ள பசை முழுத் திடப்பொருளும் அல்ல, முழுத் திரவமும் அல்ல; மெதுவாக இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கும், வேகமாக இழுத்தால் விறைத்து எதிர்க்கும். எனவே, அகலம், கோணம், வேகம் ஆகியவற்றைக் குறிப்பிடாமல் தரப்படும் எண்ணுக்குப் பொருளில்லை.

பெட்டிகளைப் பொறுத்தவரை மூன்றாவது சோதனைதான் மிக முக்கியமானது. விளம்பரங்களில் குறைவாகப் பேசப்படுவதும் இதுவே. செங்குத்தான தகட்டில், எடுத்துக்காட்டாக, 25 மி.மீ. நீள அகலத்துக்கு மட்டும் டேப்பை ஒட்டி, கீழ் முனையில் 1 கிலோ எடையைத் தொங்கவிடுகின்றனர். எடை விழும்வரை எத்தனை நிமிடங்கள் அல்லது மணி நேரம் ஆகிறது என்பது பதிவு செய்யப்படுகிறது. பெட்டியின் மடிப்புகள் விரிய முயலும்போது டேப் எதிர்கொள்வதும் இதே வகையான இழுப்பைத்தான். பசை மிருதுவாக இருந்தால் உடனே பற்றிக்கொள்ளும். ஆனால் சுமை ஏறும்போது மெல்ல வழுக்கும். வெப்பத்தில் அது மேலும் இளகும். விரல் சோதனை ஏமாற்றுவது இந்த இடத்தில்தான்.

எண் அதிகமாக இருப்பதே எப்போதும் நல்லது என்றும் சொல்ல முடியாது. முதியோரின் மெலிந்த தோலில் ஒட்டப்படும் மருத்துவ பிளாஸ்திரி வலுவாக ஒட்டினால், உரிக்கும்போது தோலும் சேர்ந்து கிழியக்கூடும். மின்கம்பிகளில் சுற்றும் டேப்புக்கோ, அது எத்தனை வோல்ட் அழுத்தத்தைத் தாங்கும் என்ற சோதனையும் தேவை. இவ்வகை டேப்புகளுக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 7809 என்ற தரநிலையை வகுத்துள்ளது.

சோதனைக்கூடத்தின் தட்பவெப்பமும் கணக்கில் கொள்ளப்படுகிறது. பல வெளிநாட்டு முறைகளில் 23 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையும் 50 சதவீத ஈரப்பதமும் பின்பற்றப்படுகின்றன. வெப்பமண்டல நாடுகளுக்கு 27 டிகிரி, 65 சதவீதம் என்ற அளவும் உண்டு. கோடைக்காலத்தில் தகரக் கூரையிட்ட கிடங்குகளின் வெப்பம் இவ்விரண்டையும் தாண்டிவிடும். மறுசுழற்சி அட்டையின் தூசு படிந்த பரப்பும் மெருகேற்றிய எஃகுத் தகடும் ஒன்றல்ல. இதனால், அதிக அளவில் கொள்முதல் செய்யும் நிறுவனங்கள், தாங்கள் பயன்படுத்தும் அட்டையிலேயே, கிடங்கின் வெப்பநிலையிலேயே எடை தொங்கும் சோதனையை நடத்தித் தருமாறு கேட்கலாம்.