வெட்சூட் உரசலும் அரிப்பும்: எது எதனால்?

செஞ்சியில் உட்கார்ந்துகொண்டு கடலுக்குள் போடுகிற உடையைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். புதுச்சேரி இங்கிருந்து சுமார் 70 கி.மீ. தானே. அங்கே ஸ்கூபா டைவிங் போய்விட்டு வருகிற நம்ம ஊர்ப் பசங்க சிலர், கழுத்திலும் அக்குளிலும் சிவந்த கோடுகளோட வர்றாங்க. "கடல் தண்ணி ஒத்துக்கல" என்கிறார்கள். பெரும்பாலும் காரணம் தண்ணீர் அல்ல, உடை.

வெட்சூட்டை 1950களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் ஹியூ பிராட்னர் என்ற அமெரிக்க இயற்பியலாளர். உடம்பு நனைந்தாலும் பரவாயில்லை, நியோபிரீன் ரப்பருக்குள் அடைபட்ட குமிழிகள் உடம்புச் சூட்டைக் காக்கும் என்பது அவர் யோசனை. அதனால் உள்ளே தோல் ஊறிக்கொண்டே இருக்கும். ஊறிய தோல் மெத்தென்றாகிவிடும். காய்ந்த தோலைவிடச் சீக்கிரம் உரசிப் புண்ணாகும். ராஜகிரிக் கோட்டை ஏறும்போது வியர்வையில் தொடை உரசி எரியுமே, அதே கதைதான். இங்கே கூடுதலாக உப்பும் தையலும்.

தடுக்கிற வழி எளிது. முதலில் அளவு: தொளதொளவென்று இருந்தால் மடிப்பு உரசும், ரொம்ப இறுக்கினால் கழுத்தை அறுக்கும். வாடகை சூட் என்றால் கையைத் தூக்கி, குனிந்து பார்த்து வாங்குங்கள். அடுத்து, உள்ளே மெல்லிய லைக்ரா சட்டை. கழுத்து, அக்குள், முழங்கால் மடிப்பில் உரசல் தடுக்கும் களிம்பு. வாசலின் வேண்டாம், ரப்பரைக் கெடுக்கும் என்று சூட் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். முடிந்ததும் சூட்டை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போட வேண்டும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் கிருமி வளர்ந்து, அடுத்த முறை மயிர்க்கால்களில் கொப்புளம் வரும்.

ஆனால் எல்லாச் சிவப்பும் உரசல் இல்லை. சூட்டுக்குள் பொடிப்பொடியாக அரிக்கும் தடிப்பு வந்தால், ஜெல்லிமீன் குஞ்சுகள் மாட்டியிருக்கலாம். அப்போது சூட்டைக் கழற்றிவிட்டுத்தான் குளிக்கணும். போட்டுக்கொண்டே நல்ல தண்ணீர் ஊற்றினால் அவற்றின் கொட்டும் செல்கள் வெடிக்கும்.

மூன்றாவது, ரப்பரில் சேர்க்கும் தயோயூரியா வகை வேதிப்பொருள்களால் வரும் ஒவ்வாமை. இது ஓரிரு நாள் கழித்து, ரப்பர் பட்ட இடமெல்லாம் அரிக்கும். உரசல் புண் ஓய்வு கொடுத்தால் ஆறிவிடும். ஒவ்வாமை அப்படியில்லை, அதே சூட்டைப் போடப் போடத் திரும்பத் திரும்ப வரும். அப்படி வந்தால் களிம்பு மாற்றிப் பயனில்லை. தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் எடுத்துவிட்டு அப்புறம் கடலுக்குப் போங்க.