தேதியை மறந்த கம்ப்யூட்டர்!

குழந்தைகளே, ஆடி மாதக் காற்றைப் பற்றி தேனி மாவட்டத்துப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். கதை கதையாகச் சொல்வார்கள். ஆண்டிபட்டிப் பக்கம் வரிசையாக நிற்கும் காற்றாலைகளைச் சுழற்றுவது அந்தக் காற்றுதான். அதே காற்று கம்பம், சின்னமனூர் தெருப் புழுதியையும் வாரிக்கொண்டு வந்து, ஜன்னல் வழியே பள்ளிக் கம்ப்யூட்டர் அறைக்குள் கொட்டிவிட்டுப் போகும்.

கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர், வேலை செய்யும்போது நன்றாகச் சூடாகும். அதன் மேலே உள்ள உலோகத் தகடுகள் சூட்டை வாங்கிக்கொள்ள, ஒரு சின்ன விசிறி அதை விரட்டிவிடும். தகடுகளுக்கு நடுவே புழுதி கம்பளி போலப் படிந்துவிட்டால் சூடு எங்கே போகும்? பத்து நிமிடம் ஓடும், பிறகு பட்டென்று அணைந்துவிடும். 'கெட்டுப் போச்சு, தூக்கிப் போடு' என்பார்கள் சிலர். அது கெடவில்லை. இன்னும் சூடானால் கருகிவிடுவோம் என்று தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. புழுதியைத் தட்டினால் பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் நீங்களே திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். ஆசிரியரோ, விவரம் தெரிந்த பெரியவரோ பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறக்கட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். உள்ளே எஸ்.எம்.பி.எஸ். என்று ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதை மட்டும் யாருமே வீட்டில் திறக்கக்கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்!

புழுதியோடு விருந்தாளிகளும் உண்டு. கதகதப்பைத் தேடி எறும்புகள் குடியேறும். பல்லி நுழைந்து மாட்டிக்கொள்ளும். இது நம் ஊர் கதை மட்டும் இல்லை. 1947 செப்டம்பர் 9 அன்று, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க்-2 என்ற பிரம்மாண்டமான கம்ப்யூட்டர் மக்கர் செய்தது. உள்ளே ஒரு அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி வைத்தார்கள். அந்தப் பதிவேடு இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திடம் பத்திரமாக இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் பூச்சிக்கும் இடம் கொடுத்த மாதிரி!

சரி, இப்போது ஒரு புதிர். கோடை விடுமுறை முடிந்து கம்ப்யூட்டரைப் போடுகிறீர்கள். எல்லாம் ஓடுகிறது. இன்டர்நெட் மட்டும், 'இந்தத் தளம் பாதுகாப்பானது அல்ல' என்று அடம் பிடிக்கிறது. கேபிளைச் சரிபார்த்தாயிற்று, மோடத்தையும் அணைத்துப் போட்டாயிற்று. பலன் இல்லை. திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். 2009 என்று இருக்கும்!

கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் அதற்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதற்குச் சோறு போடுவது, பொத்தான் அளவுள்ள ஒரு பேட்டரி. மெக்கானிக்குகள் 'சிமாஸ் பேட்டரி' என்பார்கள். அதன்மேல் சி.ஆர். 2032 என்று எழுதியிருக்கும். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன் என்று அர்த்தம். அது தீர்ந்துபோனால் கடிகாரம் ஏதோ ஒரு பழைய தேதிக்குத் தாவிவிடும்.

தேதிக்கும் இன்டர்நெட்டுக்கும் என்ன சம்பந்தம்? உங்கள் பஸ் பாஸில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும் என்று இருக்கும் அல்லவா? இணையதளங்களுக்கும் அப்படி ஒரு சான்றிதழ் உண்டு. கண்டக்டர் கையில் பழைய காலண்டர் இருந்தால், புத்தம் புது பாஸைக்கூட 'இது இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே' என்று திருப்பித் தருவார். தேர்வு முடிவு வரும் நாளில் இப்படி நடந்தால் வயிறு கலங்கிவிடும். தேதியைத் திருத்தினால் அப்போதைக்குச் சரியாகும். பேட்டரியை மாற்றினால் மறுபடி வராது.

கழற்றிய பேட்டரியை மேஜைமேல் போட்டுவிடாதீர்கள். தம்பி, தங்கை மிட்டாய் என்று விழுங்கிவிட்டால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால்கூட உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ஐப்பசி இடி மழை தொடங்கும் முன்பே பிளக்கோடு இன்டர்நெட் கேபிளையும் கழற்றிவிடுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

2011-ல் தொடங்கி சில ஆண்டுகள், பிளஸ் 2 மாணவர்களுக்கு அரசு இலவச லேப்டாப் கொடுத்தது. அக்காவோ, சித்தப்பாவோ வாங்கியது உங்கள் வீட்டுப் பரணிலும் தூங்கலாம். இறக்கியதும் சார்ஜ் போட்டுவிடாதீர்கள். முதலில் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தாமல், குத்தாமல் பெரியவர்களிடம் சொல்லி, சர்வீஸ் கடையில் கொடுக்கச் சொல்லுங்கள். குப்பை வண்டியில் மட்டும் போடவே கூடாது. நசுங்கினால் தீப்பிடிக்கும். உப்பவில்லை என்றால் சார்ஜ் போட்டு, பக்கத்திலேயே இருந்து, ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால், முதல் வேலையாகத் தேதியைப் பாருங்கள்!