கேட்கிறது, ஆனால் புரியவில்லை

"சத்தம் நல்லா கேக்குதுப்பா. என்ன சொல்றாங்கன்னுதான் வெளங்கல." வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி ஒலிக்கும் குரல் இது. வீட்டாரோ, "வேண்டாததெல்லாம் காதுல விழும், கூப்பிட்டா மட்டும் விழாது" என்று குறைப்படுவார்கள். அந்தப் பழி அநியாயமானது.

மெய்யெழுத்துதான் முதலில் போகும்

முதுமையில் காது பெரும்பாலும் மேல்சுருதி ஒலிகளையே முதலில் இழக்கிறது. உயிரொலிகள் கீழ்ச்சுருதியில் வலுவாக ஒலிப்பதால் விழுந்துவிடும். மெய்யொலிகள் பல மெலிந்தவை, நொடிக்குள் மறைபவை. அவை நழுவினால் 'கத்தி'யும் 'கட்டி'யும் ஒன்றாகிவிடும். உரக்கக் கத்தினால் உயிரொலிதான் பெருகும், மெய் தெளியாது.

'பீப்' கேட்டால் போதுமா?

செவிப் பரிசோதனையில் ஹெட்போன் மாட்டி, 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை 'பீப்' ஒலி கேட்டதும் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். எவ்வளவு மெல்லிய ஒலி எட்டுகிறது என்பதை அது காட்டும். பேச்சு விளங்குகிறதா என்றறிய, தனித்தனிச் சொற்களைச் சொல்லி அப்படியே திருப்பிச் சொல்லச் செய்ய வேண்டும். வாக்கியமாகச் சொன்னால் மூளை ஊகித்துவிடும். உதட்டைக் காட்டினாலும் அப்படியே. அதனால் வாயை மறைத்துக்கொள்வார்கள், அல்லது ஒலிப்பதிவைப் போடுவார்கள். 25 சொல்லில் 20 சரியென்றால் 80 சதவீதம்.

'பீப்' சோதனையின் வரைபடமான ஆடியோகிராம் ஒரே மாதிரி உள்ள இருவரின் சொல் மதிப்பெண் வெகுவாக வேறுபடலாம். ஒரு காதில் மட்டும் மதிப்பெண் மிகக் குறைந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். அரிதாக, செவி நரம்புக் கட்டியும் காரணமாகலாம்.

கல்யாண மண்டபம்

சோதனை அறை அமைதியானது. நம் பேச்சோ மிக்சி ஓடும்போதும் பந்தியிலும் பேருந்திலும் நடப்பது. இரைச்சலில் பேச்சைச் சோதிக்காத பரிசோதனையை முழுமையானதாக நான் ஏற்கமாட்டேன். 'குயிக்சின்' என்னும் ஆங்கிலச் சோதனையில் நால்வர் பேசும் இரைச்சலுக்கு நடுவே ஆறு வாக்கியங்கள் வரும். ஒவ்வொன்றிலும் இரைச்சல் பேச்சின் அளவை 5 டெசிபல் நெருங்கி வரும். எங்கே பேச்சு கைநழுவுகிறது என்பது தெரிந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட செயலியும் இரைச்சலுக்கு நடுவே எண்களைச் சொல்லித்தான் சோதிக்கிறது.

கேட்டுப் பெறுங்கள்

தமிழ் மட்டுமே பேசும் பாட்டிக்கு ஆங்கிலச் சொற்களை வைத்துச் சோதித்தால், அவருடைய ஆங்கிலம்தான் அளக்கப்படும். தமிழ்ச் சொற்பட்டியல் இருக்கிறதா என்று செவித்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்ட்டிடம் கேளுங்கள். காதுக்கருவி வாங்குமுன், அதை மாட்டியும் மாட்டாமலும், அமைதியிலும் இரைச்சலிலும் சோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை வீட்டில் டிவியை நிறுத்திவிட்டு, முகம் தெரிய எதிரே உட்கார்ந்து, நிதானமாகப் பேசுங்கள்.