எட்டு வருஷம் இழுத்த கோட்டை... ஒரே தாவலில் பிடிக்கிறான் கதாநாயகன்!

செஞ்சி கடைக்காரருக்கு வந்ததே கோபம்!

செஞ்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பலசரக்குக் கடை. கல்லாவில் இருப்பவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வியாபாரம் கொஞ்சம் ஓய்ந்தால் போதும், கை செல்போனுக்குப் போய்விடும். பாட்டுக்கோ படத்துக்கோ அல்ல. தொடர்கதை!

மந்திர வாள், பறக்கும் குதிரை, பாதாள நகரம் என்று ஓடும் கதைகள். பிரதிலிபி போன்ற செயலிகளில் இப்படி எத்தனையோ வருகின்றன. ஒரு அத்தியாயம் விடமாட்டார். ஆனால் லேசில் திருப்திப்படுகிற ஆளும் இல்லை.

"குதிரை பறக்கட்டும், வேணாங்கல. ஆனா கோட்டைன்னா கோட்டையா இருக்கணும்ல?" என்பது அவர் கட்சி.

ஏன் கேட்கமாட்டார்? அவர் வளர்ந்தது ராஜகிரி மலையைப் பார்த்துக்கொண்டு. உயரம் சுமார் 800 அடி. உச்சிக்குப் போகும் வழியில் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. அகலம் 24 அடி, ஆழம் 60 அடி. நடுவே ஒரு பாலம். அந்தக் காலத்தில் அது மரப்பாலம். அதை எடுத்துவிட்டால் எப்பேர்ப்பட்ட சேனையும் அந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான்.

படைக்குச் சோறு எங்கே?

1690-ல் அவுரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் வந்து முற்றுகை போட்டார். உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை விழுந்ததோ 1698-ல்! ராஜாராம் அதற்குள் கம்பி நீட்டிவிட்டார். நடுவில் மராட்டியர்கள் வழியை மறித்ததால் முற்றுகை போட்ட படையே தானியம் கிடைக்காமல் தவித்து, வந்தவாசிக்குப் பின்வாங்கியதும் உண்டு.

அரிசி பருப்பு விற்பவருக்கு இது சாதாரண விஷயமா? தொடர்கதைகளில் லட்சம் பேர் படை எடுக்கிறார்கள், ஒருத்தனும் சாப்பிடுவதில்லை. இது அவருக்கு அறவே பிடிக்காது. மந்திரம் போட்டவன் மூன்று நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தான் என்று ஒரு கதையில் வந்தது. அதை இரண்டு தடவை படித்தார்.

சாகவே சாகாத நாயகனும் பிடிக்காது. செஞ்சி ராஜா தேசிங்கு 1714-ல் ஆற்காட்டு நவாப்பின் படையோடு மோதி, இருபது சொச்சம் வயதிலேயே மாண்டார். ஜெயித்த நவாப்பை யார் பாடினார்கள்? கதைப்பாட்டெல்லாம் தேசிங்குக்குத்தான்!

பாதியில் விட்டால்...

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வார். கதையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறார்களே, அதுதான் தாங்காது.

கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950-ல் தொடங்கி 1954 வரை வாராவாரம் எழுதி முடித்தார். முடிந்த பிறகும் 'அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார்' என்று வாசகர்கள் துளைத்தார்கள். அவர்களுக்காகத் தனியே ஒரு முடிவுரையும் எழுதினார் கல்கி. எழுதுகிறவர் என்றால் அப்படி அல்லவா இருக்க வேண்டும் என்கிறார் கடைக்காரர்.

அவர் ஆசையாகப் படித்த கதை ஒன்று 140-வது அத்தியாயத்தோடு நிற்கிறது. கோட்டைக்குள் தண்ணீர் தீர்ந்துவிட்டது. வெளியே எதிரி. ராணி கையில் கடைசி மந்திரக்கல். அவ்வளவுதான், எழுதினவரைக் காணோம். ஆறு மாதம் ஆச்சு. "என்னம்மா ஆச்சு, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கருத்துப் பகுதியில் எழுதிப் பார்த்தார். பதில் இல்லை.

இன்னமும் காலையில் கடை திறந்து, சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றினதும் முதலில் அதைத்தான் திறந்து பார்க்கிறார்.