பழைய காரில் 700 கி.மீ. பயணம்: எரிபொருள் எங்கே கரைகிறது?

மும்பை: மும்பையையும் நாக்பூரையும் இணைக்கும் 701 கி.மீ. நீளமுள்ள சம்ருத்தி விரைவுச் சாலையில் கார்களுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 120 கி.மீ. இகத்புரி முதல் ஆமணே வரையிலான கடைசி 76 கி.மீ. பகுதி 2025 ஜூன் 5-ஆம் தேதி திறக்கப்பட்டதை அடுத்து, முன்பு 16 மணி நேரம் வரை பிடித்த பயணம் எட்டு மணி நேரமாகச் சுருங்கியுள்ளது.

ஆனால், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய காரில் இச்சாலைக்கு வருவோருக்கு இன்னொரு கணக்கும் காத்திருக்கிறது. நகரத்துக்குள் லிட்டருக்கு 13 அல்லது 14 கி.மீ. தரும் கார், தடையற்ற சாலையில் எளிதாக 18 கி.மீ. தரும் என்ற நம்பிக்கையுடன் புறப்படுகிறார்கள். நாக்பூரில் மீண்டும் டேங்க்கை நிரப்பும்போதுதான், நகரத்தில் கிடைத்த அதே மைலேஜே இங்கும் கிடைத்திருப்பது தெரியவருகிறது. பழி பெரும்பாலும் காரின் வயதின் மீது விழுகிறது. அதில் ஓரளவு உண்மை உண்டு என்றாலும், பெரும்பங்கு ஓட்டுநரின் வலது காலுக்கே உரியது.

வேகமும் காற்றும்

நகரத்தில் எரிபொருளைத் தின்பது நின்று நின்று புறப்படுதல். நெடுஞ்சாலையில் அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது. காரை எதிர்க்கும் காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. 80 கி.மீ. வேகத்தில் உள்ள காற்றுத் தடையை 1 என்று கொண்டால், 100 கி.மீ. வேகத்தில் அது 1.56 ஆகவும், 120 கி.மீ. வேகத்தில் 2.25 ஆகவும் இருக்கும். அதாவது வேகம் ஒன்றரை மடங்கு கூடினால், காற்றைக் கிழிப்பதற்கு ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் செலவாகும் ஆற்றல் இரு மடங்குக்கும் மேல் கூடுகிறது.

பழைய சிறிய கார்களில் இதனுடன் மற்றொன்றும் சேர்கிறது. பல கார்களில் ஐந்து கியர்கள் மட்டுமே உள்ளன. உயர் கியரும் நகர ஓட்டத்தை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டதாகவே இருக்கும். எனவே 110 கி.மீ. வேகத்தில் எஞ்சின் தேவைக்கு அதிகமாகச் சுழல்கிறது. அந்தச் சுழற்சியின் உராய்வுக்கும் பெட்ரோல்தான் விலை கொடுக்கிறது.

பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் இயங்கும் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் (பிசிஆர்ஏ), மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வரையிலான வேகமே சிக்கனமானது என்று நெடுங்காலமாகப் பரிந்துரைத்து வருகிறது. எஞ்சினைப் பொறுத்தவரை அது சரியான அறிவுரை. ஆனால் கனரக லாரிகளே 80 கி.மீ. வேகத்தில் செல்லும் விரைவுச் சாலையில் ஒரு கார் 50 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால், பின்னால் வருவோருக்கு அது ஆபத்து. ஆகவே இங்குள்ள கேள்வி 50-ஆ, 120-ஆ என்பதன்று. 80-க்கும் 110-க்கும் இடையே எங்கே நிற்பது என்பதே.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு உதவும். ஒரு பழைய பெட்ரோல் கார் 110 கி.மீ. வேகத்தில் லிட்டருக்கு 14 கி.மீ., 100-ல் 15.4, 90-ல் 16.7, 80-ல் 18 கி.மீ. தருவதாக வைத்துக்கொள்வோம். 700 கி.மீ. தொலைவுக்கு முறையே 50, 45.5, 41.9, 38.9 லிட்டர் தேவைப்படும். நிற்காமல் சென்றால் ஆகும் நேரம் முறையே 6 மணி 22 நிமிடம், 7 மணி, 7 மணி 47 நிமிடம், 8 மணி 45 நிமிடம்.

110-லிருந்து 100-க்கு இறங்கினால் 38 நிமிடம் கூடுதலாகி, 4.5 லிட்டர் மிஞ்சுகிறது. 100-லிருந்து 90-க்கு இறங்கினால் 47 நிமிடத்துக்கு 3.6 லிட்டர். 90-லிருந்து 80-க்கு இறங்கும்போது ஏறத்தாழ ஒரு மணி நேரத்தைக் கொடுத்து 3 லிட்டரை மட்டுமே பெற முடிகிறது. முதல் குறைப்பு மலிவு. கடைசிக் குறைப்பு விலை அதிகம். எண்கள் காருக்குக் கார் மாறும் என்றாலும் இந்த வரிசை மாறாது. அவசரமில்லாத பழைய காருக்கு 90-ஐ ஒட்டிய வேகமே நியாயமான நடுநிலை. லிட்டர் 100 ரூபாய் என்ற தோராயக் கணக்கில், 110-க்கு மாற்றாக 90-ல் செல்வோருக்கு ஒரு வழிப் பயணத்தில் 800 ரூபாய்க்குச் சற்று மேல் மிஞ்சும்.

இந்த வேகத்தில் செல்வோர் வலதுகோடித் தடத்தில் இருக்கக் கூடாது. அது முந்துவதற்கு மட்டுமான தடம். வேறு சிலர், காற்றுத் தடையைக் குறைக்க லாரியின் பின்னால் ஒட்டிச் செல்வதுண்டு. அதில் எரிபொருள் மிஞ்சுவது உண்மைதான்; ஆனால் லாரி திடீரென நின்றால் பிரேக் போட இடம் இருக்காது. இதைச் சிக்கனம் என்று எவரும் பரிந்துரைக்க இயலாது.

நிறுத்தத்தின் விலை

சம்ருத்தி போன்ற, குறுக்கீடற்ற சாலைகள் நாட்டில் இன்னும் குறைவே. பழைய வழியில் நாசிக், துலே, ஜல்காவ், அகோலா, அமராவதி என ஊர் ஊராகக் கடந்து செல்வோருக்கு வேகத்துடன் பிரேக்கும் பெரிய செலவாகிறது. ஒரு டன் எடையுள்ள கார் 80 கி.மீ. வேகத்திலிருந்து முழுவதுமாக நின்று, மீண்டும் அதே வேகத்தை எட்டுவதற்குச் சுமார் 25 மில்லிலிட்டர் பெட்ரோல் செலவாகும். தனியே பார்த்தால் அற்பம். வேகத்தடை, சந்திப்பு, குறுக்கே வரும் டிராக்டர் என ஒரு நாளில் 40 முறை நின்றால் ஒரு லிட்டர் போய்விடுகிறது.

எனவே முன்னே உள்ள 300, 400 மீட்டரைப் பார்த்து ஓட்டுவதே இத்தகைய சாலையில் பெரிய சேமிப்பு. தொலைவில் தடை தெரிந்தவுடன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கியரிலேயே காரை உருளவிட வேண்டும்.

இங்கே பழைய ஓட்டுநர்களிடம் வேரூன்றிய பழக்கம் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். மலைச்சாலை இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிஞ்சும் என்பது அது. எரிபொருளைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ எஞ்சின்களில் நிலைமை தலைகீழானது. கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன. கட்டுப்பாட்டுக் கணினி எரிபொருளை முற்றிலும் நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் விட்டாலோ, எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் தொடர்ந்து செல்ல வேண்டியுள்ளது. கார்புரேட்டர் பொருத்திய பழைய மாருதி 800, அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்றவற்றில் நியூட்ரலால் சிறிது மிஞ்சக்கூடும். ஆயினும் கசாரா, கண்டாலா போன்ற இறக்கங்களில் எஞ்சினின் பிடிப்பை இழந்து பிரேக்கை மட்டுமே நம்பினால், அது சூடேறிப் பிடிக்காமல் போகும் அபாயம் உண்டு. ஏறிய கியரிலேயே இறங்குவது என்ற பழைய விதி இன்றும் பொருந்தும்.

புறப்படும் முன் மெக்கானிக்கிடம்

பழைய காரில் மட்டுமே எழும் சில கேள்விகள் உள்ளன. அவற்றில் முதன்மையானது தெர்மோஸ்டாட் வால்வு. எஞ்சின் சூடேறும் வரை குளிர்நீர் ரேடியேட்டருக்குச் செல்லாமல் தடுத்து, சரியான வெப்பநிலையை நிலைநிறுத்துவது இதன் வேலை. கோடையில் எஞ்சின் சூடேறுகிறது என்று வரும் கார்களில் இதை அகற்றிவிடுவது நம் நாட்டுப் பட்டறைகளில் நீண்டகால வழக்கம். அப்படி அகற்றப்பட்ட காரில், குறிப்பாகக் குளிர்காலத்து நெடுஞ்சாலையில், எஞ்சின் போதிய சூட்டை எட்டுவதே இல்லை. கணினியும் எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாகக் கருதிக் கூடுதல் பெட்ரோலைச் செலுத்திக்கொண்டே இருக்கும். அரை மணி நேரம் ஓடிய பின்னும் வெப்பமானியின் முள் நடுப்பகுதிக்கு வரவில்லை என்றால் இதைச் சந்தேகிக்கலாம். பழைய காரை இரண்டாம் உரிமையாளராக வாங்கியவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது.

அடுத்தது, பிடித்துக்கொண்டே ஓடும் பிரேக். கேலிப்பர் இறுகினாலோ, கைபிரேக் கேபிள் முழுவதும் தளராமல் போனாலோ, ஒரு சக்கரம் மட்டும் மெல்ல உரசியபடி சுழலும். அதிகம் பிரேக் போடாமல் 20 கி.மீ. ஓட்டி நிறுத்தியபின், ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் தொடாமல் கையைக் கொண்டுசென்று பார்த்தால் போதும். நான்கில் ஒன்று மட்டும் அனலடித்தால், கோளாறு அங்கே இருக்கிறது.

டயரின் காற்றழுத்தம் அனைவரும் அறிந்ததே. ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டுள்ள அளவை, டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்ப வேண்டும். ஆள்களும் சுமையும் நிறைந்த பயணத்துக்கு அதே அட்டையில் தனி அளவு இருக்கும். ஆனால் பழைய காரில் அழுத்தத்தைவிடப் பெரிய கேள்வி டயரின் வயது. பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2316 என்றிருந்தால் அது 2016-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. குறைவாக ஓடிய காரில் பட்டன் தேயாமலேயே ரப்பர் வெடித்திருக்கும். விதர்பாவின் கோடை வெயிலில், கான்கிரீட் சாலையில், மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் ஓட இத்தகைய டயர் ஏற்றதன்று.

காற்று வடிகட்டியை மாற்றினால் மைலேஜ் கூடும் என்று பலரும் கூறுவர். கார்புரேட்டர் கார்களுக்கு அது ஓரளவு பொருந்தும். எரிபொருள் பீய்ச்சும் எஞ்சின்களில் அடைபட்ட வடிகட்டியால் மைலேஜ் குறிப்பிடும்படி குறைவதில்லை, முடுக்கமே குறைகிறது என்று அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் கண்டறிந்தது. வடிகட்டியை மாற்றுவது எஞ்சினுக்கு நல்லது. அதில் பெட்ரோல் மிச்சத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

மாறாக, கூரைமேல் கட்டப்படும் சுமை எவரும் எதிர்பார்ப்பதைவிட அதிகம் குடிக்கும். பெரிய கூரைப் பெட்டி நெடுஞ்சாலையில் மைலேஜை 6 முதல் 17 சதவீதம் வரை குறைக்கும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை மதிப்பிடுகிறது. தார்ப்பாய் படபடக்கும் மூட்டைகளுக்கு இது குறைவாக இருக்க வாய்ப்பில்லை. காலியாக உள்ள கேரியரைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடலாம்.

ஏ.சி.யைப் பொறுத்தவரை, நெடுஞ்சாலை வேகத்தில் கண்ணாடிகளைத் திறந்துவிட்டால் காற்றுத் தடை கூடி, ஏ.சி.யை அணைத்ததால் கிடைத்த மிச்சத்தின் பெரும்பகுதி போய்விடும். 44 டிகிரி வெயிலில் வியர்த்துக் களைத்த ஓட்டுநரால் நேரும் இழப்பை லிட்டரில் அளக்க முடியாது.

இ20 பெட்ரோலும் பழைய காரும்

நாடு முழுவதும் 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் விற்பனைக்கு வந்தபின், மைலேஜ் குறைந்துவிட்டதாகப் பழைய கார் உரிமையாளர்கள் கூறி வருகின்றனர். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே கலப்பற்ற பெட்ரோலுடன் ஒப்பிட்டால் இ20-ல் ஆற்றல் சுமார் 7 சதவீதம் குறையும்.

நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட எத்தனால் கலப்புத் திட்ட அறிக்கையும், கலப்பற்ற பெட்ரோலுக்கு வடிவமைக்கப்பட்டு இ10-க்கு ஏற்பச் சீர்செய்யப்பட்ட கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையக்கூடும் என்று கூறியது. 2025 ஆகஸ்ட்டில் விளக்கமளித்த பெட்ரோலிய அமைச்சகம், இ10-க்கு வடிவமைக்கப்பட்டு இ20-க்குச் சீர்செய்யப்பட்ட கார்களில் இழப்பு 1 முதல் 2 சதவீதம், மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதம் என்று தெரிவித்தது.

எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும், மேற்கண்ட கணக்கில் 110-லிருந்து 100-க்கு இறங்கினாலே கிடைக்கும் 9 சதவீத மிச்சம் இந்த இழப்பை ஈடுசெய்துவிடும். இருப்பினும் அது பாதிக் கதைதான். எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களையும் கேஸ்கெட்டுகளையும் பாதிக்கக்கூடும் என்பதால், நீண்ட பயணத்துக்கு முன் எரிபொருள் குழாய்களில் விரிசலோ கசிவோ உள்ளதா எனப் பார்க்கச் சொல்வது மைலேஜுக்காக அல்ல, தீ விபத்தைத் தவிர்ப்பதற்காக.

அளந்து பார்ப்பது எப்படி?

இவற்றில் எது பலன் தந்தது என்பதை அறிய ஒரே வழி, டேங்க்கை நிரப்பி அளப்பது. புறப்படும் இடத்தில் பங்க் குழாய் தானாக நிற்கும் வரை நிரப்பி, டிரிப் மீட்டரைச் சுழியத்தில் வைக்க வேண்டும். சேருமிடத்தில் அதேபோல் தானாக நிற்கும் வரை நிரப்பி, ஓடிய தொலைவை நிரப்பிய லிட்டரால் வகுக்க வேண்டும். விளிம்பு வரை ததும்ப ஊற்றச் சொல்வதில் துல்லியமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. அதிகாலைக் குளிரில் நிரப்பினால் அதிகம் கிடைக்கும் என்பதும் அவ்வாறே. பங்க்குகளின் தொட்டி நிலத்தடியில் இருப்பதால் பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை.

ஸ்பீடோமீட்டரையும் முழுமையாக நம்ப வேண்டியதில்லை. அது உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும் வகையிலேயே அமைக்கப்படுகிறது. டயர் அளவு மாற்றப்பட்டிருந்தால் தொலைவுக் கணக்கும் பிசகும். கைபேசியின் ஜிபிஎஸ் காட்டும் தொலைவுடன் 50 கி.மீ.க்கு ஒருமுறை ஒப்பிட்டால் வேறுபாடு தெரிந்துவிடும். போகும்போது வழக்கமான வேகத்திலும், திரும்பும்போது 90-ஐத் தாண்டாமலும் ஓட்டி இரு கணக்கையும் எழுதி வைத்தால், தம் காருக்கு உரிய எண்கள் உரிமையாளரின் கையிலேயே இருக்கும்.