சோறு போட்டாச்சு... குப்பையை யார் அள்ளுவது?

திருவண்ணாமலை. பவுர்ணமி வந்துவிட்டால் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க மனிதத் தலைதான். வேங்கிக்கால் பக்கம் வேலூர் ரோட்டில் பஸ்கள் நகர முடியாமல் திணறும். வழியெல்லாம் அன்னதானம். சாம்பார் சாதம், சுண்டல், மோர்! பசியோடு போகிறவர் யாருமில்லை.

விடிந்தால்தான் கூத்து. எச்சில் தட்டு, டம்ளர், தண்ணீர் பாட்டில். துடைப்பமும் கையுமாக அள்ளுவது துப்புரவுத் தொழிலாளர்கள்.

ஒருமுறை தூக்கிப் போடும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. தீபத் திருவிழாவுக்குத் துணிப்பையோடு வந்தவர்களுக்குக் குலுக்கலில் தங்கக்காசு கூடக் கொடுத்துப் பார்த்தார்கள்.

கம்பெனிகளுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் நிகர லாபம் பார்த்தால், 3 ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குப் போக வேண்டும். 2014 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அந்தப் பட்டியலில் பசி போக்குவது மட்டுமா இருக்கிறது? சுகாதாரமும் சுற்றுச்சூழலும்தான் இருக்கின்றன. ஆனால் சோற்றுப் பந்தலில் பேனர் கட்டலாம். குப்பை வண்டியில் கட்டினால் யார் பார்ப்பார்கள்?

மொட்டையாகக் கிடந்த மலையில் தன்னார்வலர்கள் பல ஆண்டுகளாகக் கன்று நட்டு, கோடையில் காட்டுத்தீயோடு மல்லுக்கட்டுகிறார்கள். 2024 டிசம்பர் 1-ந்தேதி கொட்டிய மழையில் மண் சரிந்து, அடிவாரத்து வ.உ.சி. நகரில் 7 உயிர் போனது. மலையைச் சும்மா விட முடியாது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த பவுர்ணமிக்கு அரிசி மூட்டையோடு வருகிறவர்கள், தையல் இலையும் குப்பை அள்ள ஒரு லாரியும் கொண்டு வரட்டுமே!