ஒட்டக்கூத்தர் பாடாமல் விட்ட பருவம்

ஜெயங்கொண்டத்தில் மீன்சுருட்டி பேருந்து ஏறினால் அரை மணி நேரத்துக்குள் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் எழுப்பிய தலைநகரம். ஏறக்குறைய இருநூற்றைம்பது ஆண்டுகள் சோழ நாட்டுக்குத் தலைமையிடமாக இருந்த ஊர். கோயில் இன்றும் நிற்கிறது. அரண்மனை, மாளிகைமேட்டில் வெறும் செங்கல் அடித்தளமாகக் கிடக்கிறது. அந்தச் சோழர் அவையில் விக்கிரமன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் ராஜராஜன் என்று மூன்று தலைமுறை அரசர்களைப் பாடியவர் ஒட்டக்கூத்தர். மூவர் மேலும் உலா பாடினார். அரசன் தெருவில் பவனி வருகிறான். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழு பருவத்துப் பெண்களும் அவனைப் பார்த்து மயங்குகிறார்கள். பேதைக்கு ஐந்து வயதில் தொடங்கும் இந்தக் கணக்கைப் பாட்டியல் நூல்கள் பேரிளம்பெண்ணுக்கு நாற்பதில் முடித்துவிடுகின்றன.

அதே ஒட்டக்கூத்தர்தான் குலோத்துங்கனைக் குழந்தையாக்கிப் பிள்ளைத்தமிழும் பாடினார். நமக்குக் கிடைத்திருக்கும் முழுமையான பிள்ளைத்தமிழ்களில் காலத்தால் முந்தியது அது. குழந்தைக்குப் பத்துப் பருவம். செங்கீரை ஆடும் மாதம், சப்பாணி கொட்டும் மாதம், நிலாவை விளையாடக் கூப்பிடும் மாதம் என்று ஒவ்வொன்றும் அளந்து வைத்தது. ஆக, பெண்ணுக்கு ஏழு, பிள்ளைக்குப் பத்து. பெற்றவளுக்கு? ஒன்றும் இல்லை. உலாவில் தாய் வந்தாலும் மகளைத் தேற்றவோ கண்டிக்கவோதான் வருகிறாள். பிள்ளைத்தமிழில் அவள் வெறும் குரல். புலவரைக் குறை சொல்லிப் பயனில்லை, இலக்கணம் அப்படி. ஆனால் எண்ணூறு வருடத்துக்கு மேல் ஆகியும் நம் வீடுகளில் அந்த இலக்கணம் மாறவில்லை என்பதுதான் விஷயம்.

பிள்ளை உண்டான சேதி வந்த நாள் முதல் பெண்ணைக் கையில் வைத்துத் தாங்குகிறோம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு. வீட்டில் வசதியில்லாதவர்களுக்கு அரசே சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. வரிசையாக நாற்காலி போட்டு, சந்தனம் பூசி, கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கி, கலவை சாதம் போட்டு அனுப்புகிறார்கள். நல்ல காரியம். பிள்ளை பிறந்த மறுநிமிடம் அத்தனை கண்ணும் தொட்டிலுக்குப் போய்விடும். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் "யாரு சாடை?" என்பார்கள், "பால் இருக்கா?" என்பார்கள். அவள் எப்படி இருக்கிறாள் என்ற கேள்வி கடைசியில் வந்தாலும் வரும்.

என் சித்தி மகள் கல்யாணத்துக்கு முன்பு ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருந்தாள். விடுதி வாசம், மாதச் சம்பளம், சொந்த ஏடிஎம் அட்டை, ஞாயிற்றுக்கிழமை நான்கு பேராகச் சேர்ந்து பிரியாணி. பிரசவத்துக்கு முன்பே வேலையை விட்டுவிட்டு ஜெயங்கொண்டத்துக்கு வந்தாள். அடையாள அட்டைக் கயிறு மட்டும் கதவு ஆணியில் மாட்டிக் கிடந்தது. பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனபோது அந்தக் கயிறு தூளியின் குறுக்குக் கட்டைக்குப் போய்விட்டது. நுனியில் ஒரு கிலுகிலுப்பை. அட்டையில் இருந்த புகைப்படம் பிள்ளையின் எச்சில் பட்டு மூக்குக்குக் கீழே அழிந்துவிட்டது. அவளே சிரித்துக்கொண்டு காட்டினாள். கல்யாணத்துக்குத் தைத்த ஜாக்கெட்டுகளில் தையல்காரர் உள்ளே விட்டிருந்த துணியை முழுதும் பிரித்தாயிற்று, இன்னும் கை ஏறவில்லை என்பதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தலை வாரினால் சீப்போடு வரும் முடியைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

நான் அங்கே தங்கியிருந்த ராத்திரி ஒன்றில் எங்கள் ஆயா அவளை அதட்டியது கேட்டது.

"போன்ல என்னடி, பழைய போட்டாவையே பாத்துக்கிட்டு? பச்ச ஒடம்புக்காரி கண்ணு முழிச்சா தலையில நீர் கோத்துக்கும்."

"புள்ள தூங்குனாத்தான ஆயா நான் தூங்க?"

ஆயா பதில் பேசவில்லை. வெற்றிலையை மென்று முடித்த பிறகு சொன்னது: "ஒங்கம்மா பொறந்தப்ப நானுந்தான் அழுதேன். எதுக்குன்னு எனக்கே சொல்லத் தெரியல. அப்ப யாரு கேட்டா?"

பிள்ளை முகத்தைப் பார்த்தால் எல்லாம் மறந்துவிடும் என்கிறார்களே, அந்த வாசகத்தோடு எனக்குச் சண்டை உண்டு. மறப்பதில்லை. பிள்ளை மேல் உயிரையே வைத்திருப்பவள்தான், பழைய தன்னையும் தேடுகிறாள். இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்கும். ஒன்று இருப்பதால் மற்றது பொய்யாகிவிடாது. ஸ்பெயின், நெதர்லாந்து ஆய்வாளர்கள் முதல் முறை கருவுறுவதற்கு முன்னும் பிரசவத்துக்குப் பின்னும் 25 தாய்மார்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்து, 2016 டிசம்பரில் முடிவை வெளியிட்டார்கள். மூளையின் சாம்பல் நிறப் பகுதி சில இடங்களில் சுருங்கியிருந்தது; இரண்டு ஆண்டுக்குப் பிறகும் பெரும்பாலும் அப்படியே இருந்தது. அறிவு குறைந்துவிட்டது என்று இதற்குப் பொருளல்ல, பிறர் மனதை அறியும் பகுதிகள் வேறு வேலைக்குச் சீரமைக்கப்படுகின்றன என்பது அவர்கள் ஊகம். பழைய ஆளாகத் திரும்பி வர முடியவில்லையே என்று மருகுகிறவள் இதைத் தெரிந்துகொண்டால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். பிரசவமான முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். அதற்கு மேலும் நீடித்தால், பிள்ளையைத் தொடவே பிடிக்காமல் போனால், சாக வேண்டும் போலிருந்தால், அது பேய் பிடித்ததும் அல்ல, திமிரும் அல்ல. டாக்டரிடம் போக வேண்டிய விஷயம். இரவு பகல் எந்நேரமும் 14416க்குப் பேசலாம். அரசின் மனநல உதவி எண், கட்டணம் கிடையாது.

நம் பாட்டிமார்களுக்கு ஸ்கேனும் இல்லை, உதவி எண்ணும் இல்லை. தாலாட்டு இருந்தது. தாலாட்டைப் பிள்ளைக்கான பாட்டு என்று எண்ணியிருந்த எனக்கு, ஆயா தூளி ஆட்டும்போது உட்கார்ந்து கேட்டபின்தான் வேறொன்று பிடிபட்டது. பாட்டில் பிள்ளை இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் திரும்பத் திரும்ப வருவது மாமன்தான். மாமன் கொண்டுவரும் சீர், மாமன் வீட்டுக் கிணறு, மாமன் கட்டிய தொட்டில். அந்த மாமன் யார்? அவள் கூடப் பிறந்தவன். அந்தக் கிணறு எது? அவள் குமரியாக இருந்தபோது தண்ணீர் இறைத்த கிணறு. கட்டிக்கொண்டு வந்த வீட்டில் பிறந்த வீட்டைப் பற்றிப் பெருமை பேச வாய் திறக்க முடியாது; மாமியார் முகம் சுளிப்பாள். பிள்ளையைத் தூங்க வைக்கும் சாக்கில் பாடினால் யாரும் தடுக்க முடியாது. விட்டுவிட்டு வந்த வாழ்க்கையை அவள் மறக்கவும் இல்லை, கட்டிக்கொண்டு அழவும் இல்லை. மெட்டுப் போட்டுப் பிள்ளையின் காதில் ஊற்றிவிட்டாள். குத்தலும் அதில் உண்டு. மாமன் வீட்டை ஓங்கிப் புகழ்வது, வெளித்திண்ணையில் படுத்திருக்கும் புருஷன் வீட்டாருக்கும் கேட்கட்டும் என்றுதான்.

என் தங்கைக்குத் தாலாட்டு தெரியாது. யூடியூபில் போட்டுவிடுகிறாள். ஆனால் தூளியை ஆட்டிக்கொண்டே பிள்ளையிடம் பேசுகிறாள். லைன் லீடர் யார், எந்தத் தோழி எதற்குத் திட்டு வாங்கினாள், ஷிப்டு பஸ்ஸை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போன கதை. என்னைக் கேட்டால் அதுவும் தாலாட்டுதான்.

இதுவரை சொன்னது மனம் செய்துகொள்ளும் ஏற்பாடு. இதைப் பெண்கள் யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே செய்துகொள்வார்கள். நமக்கு வேலை இருப்பது அடுத்ததில்தான். எல்லாவற்றையும் விட்டுத்தான் ஆக வேண்டுமா? தொடர்ந்த தூக்கம், நினைத்த மாத்திரத்தில் கிளம்பும் பயணம், பழைய ஜாக்கெட் அளவு, இவையெல்லாம் போகும், போகட்டும். படிப்பு, கைத்தொழில், தன் பெயரில் வரும் பணம் ஆகியவற்றையும் அதே மூட்டையில் கட்டி வாசலில் வைக்கச் சொல்கிறோமே, அதைப் பிரசவம் கேட்கவில்லை. வீடு கேட்கிறது.

இந்த வட்டாரத்திலேயே பார்க்கலாம். இலையூர், வாரியங்காவல் பக்கம் நெசவு வீடுகளில் தொழிலும் வீடும் ஒரே கூரைக்குக் கீழே. பெற்றவள் உடம்பு தேறியதும் ராட்டை முன்னால் உட்கார்ந்துவிடுவாள். தூளியில் ஒரு கயிறு கட்டி அதன் நுனியைக் கால் விரலில் மாட்டிக்கொண்டால், கை தார் சுற்றும், கால் பிள்ளையை ஆட்டும். அழகான காட்சி என்று புகைப்படம் எடுக்கத் தோன்றும். முதுகு வலியைக் கேட்டால் அழகு போய்விடும். ஆனாலும் அவள் தொழில் அவளிடமே இருந்தது. முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவளுக்கு அதுவும் இல்லை. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கும், உள்ளங்கை கறுத்து உரியும். அந்தக் கையால் பிள்ளையைத் தூக்க முடியாது. கைப்பிள்ளை இருக்கும்வரை கூலியை மறந்துவிட வேண்டியதுதான்.

இப்படிப்பட்டவர்களுக்குத்தான் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு நிதியுதவி இருக்கிறது. முதல் இரண்டு பிரசவங்களுக்கு, ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய், தவணை தவணையாக. அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் அமைந்திருக்கிறது. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்து, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றவர் அவர். டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் செய்துகொள்ளுமுன், தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டவர். இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தபின் 1925இல் மேற்படிப்புக்கு இங்கிலாந்து போனார், குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு. சட்டமன்றம், அவ்வை இல்லம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எல்லாம் அதற்குப் பிறகுதான். நம் காலத்தில், 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாட்டில் துரோணவல்லி ஹரிகா நிறைமாதக் கர்ப்பிணியாக உட்கார்ந்து ஆடினார்; இந்தியப் பெண்கள் அணி வெண்கலம் வென்றது. கொனேரு ஹம்பி 2017இல் மகளைப் பெற்று, 2019இல் உலக ரேபிட் சாம்பியன் ஆனார். இவர்களைச் சாதனைப் பெண்கள் என்று சொல்லி விட்டுவிடுவது சுலபம். இவர்களைச் சுற்றி எத்தனை கைகள் இருந்திருக்கும் என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

ஜெயங்கொண்டத்துக்கு இது இப்போது ஏட்டுக் கேள்வி அல்ல. இங்குள்ள சிப்காட்டில் தைவானின் டீன் ஷூஸ் நிறுவனம் தோல் அல்லாத காலணி ஆலை அமைக்க 2024 நவம்பரில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். 1,000 கோடி ரூபாய் முதலீடு, 15,000 பேருக்கு வேலை என்பது அறிவிப்பு. பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்தில் எறையூரில் ஏற்கெனவே காலணி ஆலை ஓடுகிறது. இந்த ஆலைகள் தேடுவது பெரும்பாலும் இளம்பெண்களை. ஒரகடத்துக்குப் போய் விடுதியில் தங்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே போய்வரலாம் என்றால் என் தங்கையைப் போன்றவர்கள் வரிசையில் நிற்பார்கள்.

பேறுகால விடுப்பு 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 26 வாரம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்றும் அதே திருத்தம் விதித்தது. தமிழக அரசு ஊழியர் என்றால் 2021 முதல் ஓராண்டு விடுப்பு. மத்திய அரசில் வேலை பார்க்கும் தகப்பனுக்கு 15 நாள். தனியாரில் இருப்பவனுக்குச் சட்டப்படி ஒரு நாளும் கிடையாது. தகப்பன் பருவம் என்று ஒன்று உண்டு என்பதே நமக்கு இன்னும் உறைக்கவில்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 26 வாரம் என்றால் ஆறு மாதம். அங்கன்வாடியில் பிள்ளையை விட்டுவிட்டுப் போவதானால் இரண்டு வயது ஆக வேண்டும். நடுவில் ஒன்றரை வருடம். ஆலையில் காப்பகம் என்று ஒன்று உருப்படியாக நடக்காவிட்டால் அந்த ஒன்றரை வருடத்தை யார் சுமப்பது? என் சித்திதான் சுமப்பாள். ஊரில் உள்ள அத்தனை சித்திகளும்.

சித்திக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. பிள்ளைகளைக் கரையேற்றியாயிற்று, இனி கொஞ்ச நாள் நம் பாட்டுக்கு இருக்கலாம் என்று இப்போதுதான் மூச்சு விட்டாள். நூறு நாள் வேலைக்கும், பங்குனி முதல் வைகாசி வரை முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்கவும் போய், அந்தக் காசில் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். நூறு நாள் வேலைக்கென 2005இல் வந்த சட்டத்தில்கூட, ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகள் வேலைத்தளத்துக்கு வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து நிறுத்த வேண்டும் என்று எழுதியிருந்தது. சித்தி அப்படி ஓர் ஏற்பாட்டைக் கண்ணால் கண்டதில்லை. மகள் வேலைக்குப் போவதில் அவளுக்குத்தான் எல்லோரையும்விட ஆசை. தன் பருவத்தை இன்னொரு முறை விட்டுக் கொடுக்கச் சம்மதமா என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. நானும் மகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில், ஆலையில் காப்பகம் வைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது சித்தி என்றேன்.

பேரனை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு, "காலையில எத்தன மணிக்குத் தொறப்பாங்களாம்? அதக் கேட்டுச் சொல்லு மொதல்ல" என்றாள். "பங்குனி பொறந்தா கொட்ட விழ ஆரம்பிச்சுடும்."